குற்றாலத்துக் கிராம்பும் பல்லின் வேரும்

ரூட் கெனால் சிகிச்சை முடிந்த பல்லின் வேருக்குள் இரண்டு பொருள்கள் தங்கியிருக்கும். வேர்க்குழாயின் பெரும்பகுதியை நிரப்பும் கட்டாபெர்ச்சா குச்சி ஒன்று. அந்தக் குச்சிக்கும் பல்லின் உட்சுவருக்கும் நடுவே எஞ்சும் நூலளவு இடைவெளியை மூடும் சீலர் மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகெங்கும் பல் மருத்துவர்கள் கையாண்ட சீலர், துத்தநாக ஆக்சைடு தூளைக் கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினாலில் குழைத்துச் செய்யப்பட்டது. அந்தக் கிராம்பு இந்தியாவில் பயிராகத் தொடங்கிய இடம் குற்றாலம். 1800-ஆம் ஆண்டை ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே அமைத்த நறுமணப்பயிர்த் தோட்டத்தில்தான் கிராம்புக் கன்றுகள் வேர்பிடித்தன.

கிராம்பின் தாயகம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அந்தத் தீவுகளைக் கைப்பற்றியதும் அம்பான் தீவிலும் அதை அடுத்த சில தீவுகளிலும் மட்டும் கிராம்பை வளர்க்க விட்டார்கள். பிற தீவுகளில் இருந்த மரங்களை வெட்டி அழித்தார்கள். விலையைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ள அவர்கள் கண்ட வழி அது. 1770-ல் பியர் புவாவர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கன்றுகள் மொரீஷியஸுக்குக் கடத்தப்பட்டபோது அந்தக் கட்டு முதன்முறையாக அவிழ்ந்தது. 1796-ல் ஆங்கிலேயர் அம்பானையும் பண்டா தீவுகளையும் பிடித்தார்கள். 1802-ன் அமியான் உடன்படிக்கைப்படி அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்வரை கிடைத்த சில ஆண்டுகளுக்குள், கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைப் பெருமளவில் திரட்டிக் கம்பெனியின் இடங்களுக்கு அனுப்பினார். பினாங்குக்கும் கல்கத்தாவுக்கும் கன்றுகள் போயின. தென்கோடியில் அவை வந்து சேர்ந்த இடம் குற்றாலம்.

திருநெல்வேலியில் கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்த கசமேஜரின் பெயரோடு அந்தத் தோட்டம் சேர்த்துச் சொல்லப்படுகிறது. காலத்தைக் கவனித்தால் வியப்பு வரும். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடியும் போர்க்களமானது. அதே ஆண்டில் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. சமவெளியில் பாளையங்கள் எரிந்த நாட்களில்தான் மலையடிவாரத்தில் கிராம்புக் கன்றுக்கு நிழல் தேடினார்கள். மலையின் விளைச்சலையும் மண்ணின் வரியையும் ஒரே கை பற்றத் தொடங்கிய காலம் அது.

இடத்தேர்வில் பிழையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து வழிவிடுவதால், தென்மேற்குப் பருவக்காற்று தென்காசி வட்டாரத்துக்குள் நுழைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழுவது அதனால்தான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கிராம்பு மரத்துக்கு ஈரக்காற்றும் இளம்பருவத்தில் நிழலும் வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது. மலைச்சரிவு இவை எல்லாவற்றையும் கொடுத்தது. நட்டு ஏழெட்டு ஆண்டுகள் கழித்தே மரம் மொட்டு விடும். பச்சையாக இருக்கும் மொட்டுக்கொத்து இளஞ்சிவப்புக்கு மாறும்போது, பூ விரிவதற்குள் கையால் பறித்து, காம்பை நீக்கி, சில நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். உலர்ந்தபின் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஏணி வைத்து ஏறிப் பறிக்கும் வேலைக்குக் கூலிதான் பெரிய செலவு.

சான்சிபாரைப் போலக் குற்றாலம் கிராம்புச் சந்தையாக ஆகவில்லை. 1850-க்குப் பிறகு இந்தப் பயிர் நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூர் மலைகளுக்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டுக் கிராம்பில் பெயர்பெற்றது கன்னியாகுமரி மலைகளில் விளைவது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. நாட்டின் தேவைக்கு உள்ளூர் விளைச்சல் போதாமல் மடகாஸ்கரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிராம்பு இறக்குமதியாகிறது. குற்றாலத்தில் எஞ்சியது பழத்தோட்ட அருவிப் பக்கத்துத் தோட்டக்கலைப் பண்ணையும், சீசன் கடைகளில் குவியும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் துரியனும். மலாய்த் தீவுகளின் இந்தப் பழங்கள் ஒரு தென்காசிக்காரருக்கு உள்ளூர்ப் பழங்களாகத் தோன்றுவது அந்தப் பழைய நடவு மரபின் தொடர்ச்சி.

கிராம்பைத் தமிழ் மருத்துவம் அதற்கு முன்பே நன்றாக அறிந்திருந்தது. கடல்வழி வந்த சரக்காக அது நாட்டு மருந்துக் கடையில் இருந்தது. சொத்தைப்பல் குடையும்போது ஒரு கிராம்பை அந்தப் பல்லில் வைத்துக் கடிப்பதும், கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்துக் குழியில் வைப்பதும் வீட்டு வைத்தியம். இதற்கு வேதியியல் காரணம் உண்டு. உலர்ந்த கிராம்பின் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். அது நரம்பு வலியுணர்வைக் கடத்துவதைத் தடுக்கிறது. நுண்ணுயிர்களையும் ஓரளவு கொல்கிறது. வலி அடங்கும், சொத்தை அப்படியே இருக்கும்.

1870-களில் மேலைநாட்டுப் பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடு தூளோடு கிராம்பு எண்ணெயைக் குழைத்தார்கள். சிறிதளவு ஈரம் இருந்தால் இந்தக் குழைவு துத்தநாக யூஜினோலேட் என்ற சேர்மமாக மாறி இறுகும். தற்காலிக அடைப்பாகவும், கூசும் பல்லை ஆற்றும் மருந்தாகவும் பயன்பட்ட இந்தப் பசை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வேர்க்குழாய்க்குள் இறங்கியது. 1931-ல் ரிக்கர்ட் என்ற அமெரிக்கர் வகுத்த கலவையில் வெள்ளித்தூளும் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரியும் என்பதற்காகச் சேர்த்த அந்த வெள்ளி, காலப்போக்கில் பல்லைக் கறுக்கவைத்தது. லூயிஸ் கிராஸ்மன் வெள்ளியை நீக்கிப் பல்லில் கறைபடியாத கலவையை 1958-ல் அளித்தார். துத்தநாக ஆக்சைடு, பிசின், பிஸ்மத், பேரியம் உப்புகள், யூஜினால் என்ற அந்த வழியில் வந்த சீலர்கள் இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பொருள்கள்.

சீலரோடு இணையும் கட்டாபெர்ச்சாவும் மலாய் நாட்டுச் சரக்குதான். பலாக்கியம் என்ற மரவகையின் பால் உறைந்து கிடைக்கும் அதை 1843-ல் சிங்கப்பூரிலிருந்து வில்லியம் மான்ட்கோமரி ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அதன் தேவை பெருகவே, மலாய்க் காடுகளில் மரங்கள் கணக்கின்றி விழுந்தன. 1867-ல் பவ்மன் என்ற அமெரிக்கர் அதைக் கொண்டு வேர்க்குழாயை நிரப்பினார். அதே பலாக்கியம் இனத்தில் ஒரு மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. களக்காடு முதல் அகத்தியமலை வரையுள்ள பசுமைமாறாக் காட்டில் வெடிப்பலா, நாங்கு இவற்றோடு ஓங்கி நிற்கும் மூன்றாவது பெருமரம் அது. இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய் மரத்துக்கு மாற்று கிடைக்குமா என்று அக்காலத்தில் தேடினார்கள். குற்றாலத்தை அடுத்த செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அந்த நாட்டின் ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லன் இந்த மரத்தின் பாலில் அக்கறை கொண்டார். சென்னை மாகாணத்தின் முதல் காட்டுப் பாதுகாவலரான ஹியூ கிளெகார்ன் 1858-ல் இதைப் பற்றித் தனிக் குறிப்பே வெளியிட்டார். தரத்தில் இந்தப் பால் மலாய்ப் பாலுக்கு ஈடாகாததால் முயற்சி வணிகமாக வளரவில்லை. அதனால் அந்த மரங்கள் பிழைத்தன என்று மகிழலாம். வெடிப்பலாவின் தாவரவியல் பெயரில் கல்லனின் பெயர் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயரை இட்டவர் குற்றால மலைகளில் செடி தேடி அலைந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்.

வேர்க்குழாயை நிரப்பும் இந்தப் பொருள்களைப் பற்றி அதுவரை எழுந்த கேள்விகள் இரண்டே: குழாய் நன்றாக அடைபட்டதா? வேரின் நுனியில் சீழ் ஆறியதா? பல்லைத் தாங்கிப்பிடிக்கும் வேலையை எவரும் சீலரிடம் கேட்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கேள்வி எழுந்ததற்குக் காரணம், சிகிச்சை பெற்ற பற்கள் சீழ் ஆறிய பிறகும் முறிந்ததுதான். வேர் மேலிருந்து கீழாகப் பிளந்துவிட்டால் ஒட்டவைக்க வழியில்லை. பல்லைப் பிடுங்குவதுதான் முடிவு. பல ஆயிரம் ரூபாய் செலவழித்துக் காப்பாற்றிய பல் சில ஆண்டுகளில் கடலை கடிக்கும்போது பிளப்பது, நோயாளிக்கும் மருத்துவருக்கும் ஒருசேர வலி தருவது.

அப்படி முறியக் காரணம் என்ன? பற்கூழை எடுத்ததும் பல் காய்ந்து நொறுங்கும் தன்மை பெறுகிறது என்று வெகுநாள் நம்பினார்கள். 1992-ல் செட்ஜ்லியும் மெசரும் சிகிச்சை பெற்ற பற்களையும் அதே வாயின் மறுபக்கத்துப் பற்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த நம்பிக்கைக்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, 1989-ல், ரீ, மெசர், டக்ளஸ் மூவரும் செய்த சோதனை இந்தத் துறையின் மிக முக்கியமான எண்களைத் தந்திருந்தது. ரூட் கெனாலுக்காகச் செய்யும் வேலை மட்டும் பல்லின் விறைப்பை ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்தது. கடிக்கும் பரப்பில் வெட்டிய குழி 20 சதவீதம் குறைத்தது. இருபக்க விளிம்புகளையும் சேர்த்து வெட்டிய பெருங்குழி 63 சதவீதம் குறைத்தது. பல்லைப் பலவீனப்படுத்துவது அதன் உடலான டென்டின் குறைவதே. சொத்தை தின்றதும் மருத்துவரின் கருவி சுரண்டியதும் சேர்ந்த இழப்பு அது. குழாயைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் வலிமையான கரைசலாக நெடுநேரம் பட்டால் டென்டினின் வளைவுவலிமையைக் குறைக்கிறது.

இழந்ததைச் சீலரால் ஈடுகட்ட முடியுமா என்ற ஆசை இங்கேதான் பிறந்தது. யூஜினால் சீலர் டென்டினில் ஒட்டாது. இடைவெளியை நிரப்பி அடைக்கும், அவ்வளவே. ஒட்டக்கூடிய சீலர் ஒன்று இருந்தால், குச்சி, சீலர், டென்டின் மூன்றும் ஒரே திண்மமாகி வேர் வலுப்பெறும் என்று எதிர்பார்த்தார்கள். 1950-களில் சுவிட்சர்லாந்தின் ஆந்த்ரே ஷ்ரோடர் உருவாக்கிய ஏ.எச். 26 என்ற எப்பாக்சிப் பிசின் சீலரும் அதன் வழிவந்த ஏ.எச். பிளஸும் டென்டினில் ஓரளவு பற்றின. கிளாஸ் அயனோமர் என்ற சீலர் வகை அடுத்து வந்தது. 1992-ல் ட்ரோப்பும் ரேயும் வெளியிட்ட ஆய்வில், கிளாஸ் அயனோமர் சீலரால் நிரப்பிய வேர்கள், நிரப்பாத வேர்களையும் துத்தநாக யூஜினால் சீலரால் நிரப்பிய வேர்களையும்விட அதிக விசையைத் தாங்கின. இந்த முடிவு பெரிய நம்பிக்கையை ஊட்டியது. ஆனால் பின்னால் வந்த சில ஆய்வுகளில் அதே இரு சீலர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, சோதனை நடக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பற்களுக்குக் கம்பி கட்டும் சிகிச்சைக்காகப் பிடுங்கிய முன்கடைவாய்ப்பற்களைச் சேகரிப்பார்கள். மேல்பகுதியை வெட்டி, வேரை ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்து, குழாயை ஒரே அளவுக்கு அகலப்படுத்துவார்கள். தொடாத வேர்கள் ஒரு குழு. அகலப்படுத்தி நிரப்பாமல் விட்டவை ஒரு குழு. ஒவ்வொரு சீலருக்கும் ஒரு குழு. நிரப்பிய வேர்களை உடல்வெப்பத்தில் ஈரத்தில் வைத்துச் சீலரை இறுகவிடுவார்கள். தாடையெலும்பில் பல்லைத் தாங்கும் தசைநாருக்குப் பதிலாக மெல்லிய சிலிக்கோன் பூசி, அக்ரிலிக் கட்டியில் நட்டு, சோதனை இயந்திரத்தின் உருண்டை எஃகு முனையால் வேரின் வாயை மெதுவாக அழுத்துவார்கள். வேர் பிளக்கும் கணத்தில் பதிவாகும் நியூட்டன் கணக்கே முறிவுத் தாங்குதிறன். தமிழ்நாட்டின் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் சோதனைகளில் இது நன்கு பழகியது.

முறை ஒழுங்கானதே. ஆனாலும் வாயில் நடப்பது வேறு. ஒரே அழுத்தத்தில் பல் முறிவதில்லை; ஆண்டுக்கணக்கில் மெல்லும்போது விழும் ஆயிரமாயிரம் சிறு விசைகளால் முதலில் மயிரிழை விரிசலும் பின் பிளவும் உண்டாகின்றன. பதினெட்டு வயதுப் பிள்ளையின் பல்லும் ஐம்பது வயதுக்காரரின் பல்லும் ஒரே டென்டின் அல்ல. வேரின் வடிவமும் பல்லுக்குப் பல் மாறும். அதனால் ஒரே குழுவுக்குள்ளேயே எண்கள் அகலச் சிதறுகின்றன. இருவேறு ஆய்வகங்கள் இருவேறு முடிவுக்கு வருவதில் வியப்பில்லை.

நம்பிக்கையின் உச்சம் 2004. கட்டாபெர்ச்சாவுக்கே பதிலாக ரெசிலான் என்ற பாலியெஸ்டர் குச்சியும் அதனோடு ஒட்டும் ரெசின் சீலரும் சந்தைக்கு வந்தன. வேரின் நுனி முதல் வாய்வரை ஒரே கட்டி என்ற வாக்குறுதியோடு அவை வந்தன. ட்ரோப்பின் குழுவினர் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ரெசிலானால் நிரப்பிய வேர்கள் கட்டாபெர்ச்சாவால் நிரப்பியவற்றைவிட அதிகம் தாங்கின. இரண்டே ஆண்டுகளில் எதிர்வாதம் வந்துவிட்டது. 2006-ல் வில்லியம்ஸும் டேயும் அவர்களின் குழுவினரும் பொருள்களின் விறைப்பையே அளந்து காட்டினார்கள். டென்டினின் விறைப்பு கட்டாபெர்ச்சாவினதையும் ரெசிலானினதையும்போல நூறு மடங்குக்கு மேல். அத்தனை நெகிழ்ந்த பொருளால் அத்தனை விறைத்த சுவருக்கு முட்டுக்கொடுக்க இயலாது. மேலும், குறுகிய குழாய்க்குள் எல்லாப் பக்கமும் சுவர் சூழ்ந்திருக்க, ரெசின் இறுகிச் சுருங்கும்போது ஒரு பக்கமாவது சுவரைவிட்டுப் பிரிகிறது. ரெசிலான் காலப்போக்கில் சிதைவதும் தெரியவந்தது. சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வுகளில் தோல்விகள் அதிகரித்தன. அது சந்தையிலிருந்து மறைந்தது. ஆய்வகத்தில் சில வாரங்கள் நின்ற வேரின் வலிமையை வைத்து வாயில் இருபது ஆண்டு நிற்க வேண்டிய பல்லுக்கு வாக்களித்தது பெருந்தவறு; அதன் விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

இப்போது முன்னணியில் இருப்பவை பயோசெராமிக் சீலர்கள். இவற்றின் மூலம் 1993-ல் அமெரிக்காவின் லோமா லிண்டாவில் டோராபினஜாத் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற அடைப்புப்பொருள். அதன் பெரும்பங்கு கட்டடச் சிமென்டின் வேதிப்பொருளான கால்சியம் சிலிக்கேட்டே. 1949 முதல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில், சங்கர் நகர் ஆலையில், சுண்ணாம்புக்கல்லிலிருந்து சுட்டெடுக்கப்படும் சேர்மங்களின் குடும்பம் அது. பல்லுக்கு வேண்டிய தூய்மை மிக அதிகம் என்பதால் ஆலைச் சிமென்டை வாயில் வைக்க முடியாது. ஆனால் ஈரத்தை ஏற்று இறுகும் வினை ஒன்றே. பயோசெராமிக் சீலர் குழாயின் ஈரத்தாலேயே இறுகுகிறது. சுருங்குவது மிகக் குறைவு. டென்டினோடு கனிமப் பிணைப்பை உண்டாக்குகிறது. பல ஆய்வகச் சோதனைகளில் இவற்றால் நிரப்பிய வேர்கள் நிரப்பாத வேர்களைவிட அதிக விசை தாங்கின, ஏ.எச். பிளஸோடு ஒப்பிட்டால் சிலவற்றில் சமம், சிலவற்றில் மேல். தொடாத வேருக்கு எப்போதும் ஈடாகும் என்று சொல்லுமளவுக்குச் சான்று இல்லை. மறுசிகிச்சை தேவைப்பட்டால் இறுகிய பயோசெராமிக்கை அகற்றுவது கடினம் என்பதும் கணக்கில் சேரும்.

யூஜினால் சீலர் வழக்கொழியவில்லை. விலை குறைவு, எக்ஸ்ரேயில் தெளிவு, கரைப்பான் கொண்டு அகற்றும் எளிமை ஆகியவற்றால் அது இன்னும் பலரின் கையில் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல் உண்டு: எஞ்சும் யூஜினால் ரெசின் இறுகுவதைத் தடுக்கும். சிகிச்சைக்குப் பின் பல்லின் மேல்பகுதியை ரெசினால் கட்டவோ, வேருக்குள் ஃபைபர் தண்டு ஒட்டவோ வேண்டுமானால் சுவரை நன்கு துடைக்க வேண்டும். ஒட்டுதல் குறைந்தால் மேற்கட்டு தளரும். தளர்ந்த கட்டு ஆப்புபோல வேரைப் பிளக்கும். சீலர் பல்லின் முறிவைத் தொடும் வழிகளில் நடைமுறையில் முக்கியமானது இதுதான்.

ரூட் கெனால் சிகிச்சை தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்தது அண்மையில்தான். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுதீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948-ல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953-ல் பிறந்தது. தனியார் கல்லூரிகள் பெருகி, தென்கோடியில் காவல்கிணறு வரை ஒரு கல்லூரி வந்தபின்னரே சிற்றூர்களில் ரூட் கெனால் பரவலானது. அதற்கு முன் வலித்த பல்லுக்குக் கிராம்பு, பொறுக்கமுடியாத பல்லுக்குக் குறடு.

சீலர் எதுவானாலும், சிகிச்சை பெற்ற பல் நிலைக்க உதவுவதாக உறுதியான சான்று உள்ள செயல், மேல்பகுதியை மூடும் கேப். 1984-ல் சாரன்சனும் மார்ட்டினாஃபும் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களை ஆராய்ந்து, கடைவாய்ப்பற்களிலும் முன்கடைவாய்ப்பற்களிலும் கேப் போட்டவை மிக நன்றாக நிலைத்ததைக் கண்டார்கள். 2002-ல் அக்விலினோவும் கேப்லனும் கேப் போடாத பற்கள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகமாக இழக்கப்பட்டதைக் காட்டினார்கள். தென்காசியிலும் பிற ஊர்களிலும் வலி நின்றதும் சிகிச்சை முடிந்தது என்று கருதிக் கேப் போடாமல் விடுபவர்கள் பலர். சிகிச்சையின் செலவில் கேப்புக்கான தொகை பெரிது என்பது உண்மைத் தடை. வெட்டுப்பற்களும் கோரைப்பற்களும் சொத்தையால் அதிகம் அழியாதவரை கேப் இல்லாமலும் நிற்கும். உணவை அரைக்கும் பற்களுக்குத்தான் அது இன்றியமையாதது.